கடிக்காத சப்பாத்து

மஜீட் காக்கா பையைக் கவிழ்த்துக் கொட்டினார். நான் வரைந்த சினீக்கர் சப்பாத்துகள் என் மேசையில் விழுந்தன. எல்லாம் யாரோ போட்டு நடந்தவை. எல்லாவற்றிலும் குதிக்காலுக்கு மேலே ஒரே இடத்தில் உள்துணி தேய்ந்து போயிருந்தது, ஒன்றில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியவை என்றார். குரல் உயரவில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவுவாரே தவிர, அவர் கத்துகிற ஆள் இல்லை.

"கால் கடிக்குதாம் தங்கச்சி. ஒரு ஆள் ரெண்டு ஆள் இல்ல, வாங்கின எல்லாரும் சொல்றாங்க. ஒங்கட வீட்டுக்காரர் போட்டு நடந்து பாத்த சாமான்தானே இது?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் போட்டு நடந்ததும் உண்மை, ஒன்றும் கடிக்கவில்லை என்று சொன்னதும் உண்மை. மஜீட் காக்கா கக்கத்தில் வைத்திருந்த கடதாசிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். புது பூட்ஸின் முதல் மாதிரி. இதையாவது அவசரப்படாமல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இதுவும் திரும்பி வந்தால் அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, மழை பிடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அவருடைய சப்பாத்துப் பட்டறை கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் பாண்டிருப்பில் வீட்டிலிருந்தே அவருக்கு வரைந்து கொடுக்கிறேன். சப்பாத்து வரைவது ஒரு உத்தியோகம் என்று ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. எனக்குக் கலியாணம் பேசியவர்கூட, பெண் கொம்பியூட்டர் வேலை செய்கிறாள் என்றுதான் சொல்லி வைத்தார். மாப்பிள்ளை சுஜீபனுக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, வாய்க்கால் வரம்பெல்லாம் நடந்து பார்க்கிற வேலை. கலியாணம் முடிந்த கையோடு நான் கண்டுபிடித்தது அவருடைய காலைத்தான். சப்பாத்து செய்கிறவர்களிடம் கால் வடிவத்தில் வார்த்த ஒரு கட்டை இருக்கும், அதன்மேல்தான் தோலை இழுத்துத் தைப்பார்கள். எங்கள் கட்டையை அளவெடுத்து வார்த்ததே இவருடைய காலில்தானோ என்னும்படி இருந்தது. அன்றைக்கிருந்து எல்லா மாதிரிகளையும் இவர்தான் போட்டுப் பார்ப்பார். 'எங்கட கம்பனிட கால்' என்று மஜீட் காக்கா சொல்லிச் சிரிப்பார்.

முன்பெல்லாம் இவருடைய குற்றம் பிடிப்பு தாங்க ஏலாது. சின்னவிரல் நெரிகிறது, நாக்குத்தோல் ஒரு பக்கம் சரிகிறது, குதியில் ஏதோ உரசுகிறது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி பேசுவது மாதிரி ஒன்றுக்கும் திருப்தி இராது. எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் அவர் சொன்ன இடத்தைத் திருத்தினால் சப்பாத்து சரியாகிவிடும். போன வருடத்திலிருந்து அவர் குற்றமே சொல்வதில்லை. எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்பார். எனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மகன் ஜதுசன் போய் இது இரண்டாவது மாரிக்காலம். டெங்கு. காய்ச்சல் தொடங்கிய அன்று இவர் பனடோல் கொடுத்து, சும்மா காய்ச்சல்தான், விடியப் பார்ப்போம் என்றார். விடிந்தபோது பிள்ளைக்குக் கண் சொருகியிருந்தது. இவரை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் இவர் அதற்குப் பிறகு படுக்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஆஸ்பத்திரி வாசல் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கோ அழுகையே வரவில்லை. செத்த வீட்டில் சனங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் மேசையில் உட்கார்ந்து ஒரு பாடசாலைச் சப்பாத்து வரைந்தேன். கோடு நேராக வந்தது. அதில் எனக்கே ஆச்சரியம் இல்லை.

இந்த வருடம் அம்மன் கோயில் தீமிதிப்புக்கு இவர் காப்புக் கட்டினார். என்ன நேர்த்தி என்று கேட்டேன். அம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறேன் என்றார். "புள்ள என்னாலதான் போனானெண்டா என்ட கால் வேகட்டும்" என்றார். அன்றைக்குத் தீக்குழி ஓரத்தில் சனத்துக்குள் நின்றேன். முன்னால் போனவர்கள் ஓடித்தான் இறங்கினார்கள். இவர் மட்டும் வரம்பில் நடக்கிற மாதிரி மெல்ல, ஆறுதலாக நடந்து வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, முகம் சிரித்தபடி இருந்தது. "பூவில நடந்த மாதிரி இருந்திச்சு புள்ள" என்று என் கையைப் பிடித்தார். மறுநாள் காலில் கொப்புளம் கிடந்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார், அதையும் அம்மன் கணக்கிலேயே சேர்த்தோம்.

தீ மிதித்த அன்றிரவு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். பிறகு மீன்குழம்பு கேட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பகிடி விட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், மறைத்து என்ன. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. நானும் அதே அம்மன் வாசலில்தான் நின்றேன், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பூட்ஸ் அதற்குப் பிறகு தொடங்கிய வேலை. கந்தோருக்கும் போடலாம், சேற்றிலும் இறங்கலாம், அப்படி ஒன்று மஜீட் காக்காவுக்கு வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பூட்ஸ் விற்காததற்கு வெயில் காரணம் இல்லை. பள்ளிவாசல், கோயில், சொந்தக்காரர் வீடு என்று எங்கே போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். குனிந்து லேஸ் அவிழ்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிவிடுவார்கள். அதனால் லேஸே இல்லாமல், இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து, பின்னால் பிடித்து இழுக்க மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு பட்டி வைத்தேன். முதலில் பென்சிலால் வெளிப்பக்கம் மட்டும் வரைவேன். விரல் முனையிலிருந்து குதிவரை போகிற அந்த ஒரு கோடு சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். பிறகு கட்டை முழுவதும் ஒட்டுத்தாள் சுற்றி, தையல் எங்கே, எலாஸ்டிக் எங்கே என்று அதன்மேல் கீறி, ஒட்டுத்தாளை உரித்து மட்டையில் பரத்தி வெட்ட வேண்டும். நிறங்களைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு, களிமண், காய்ந்த வைக்கோல். வைக்கோல் நிறத்தைத் தேர்ந்தபோது எனக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியாது. கண் அதில் நின்றது, அவ்வளவுதான்.

பின்னேரம் இவர் நனைந்துகொண்டு வந்தார். தேத்தண்ணீர் குடிக்கவிட்டு பூட்ஸை நீட்டினேன். திரும்பி வந்த சினீக்கர்களை ஏற்கெனவே மேசைக்குக் கீழே தள்ளியிருந்தேன். முதல் மாதிரி எப்போதும் ஒற்றைக்காலுக்குத்தான் தைப்பார்கள், பிழை இருந்தால் ஒன்றோடு போகட்டும் என்று. வெள்ளைக் காலுறையை மாட்டி, வலது காலை பூட்ஸுக்குள் விட்டு, மற்றக் கால் வெறுங்காலாக, விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தார். படியில் இறங்கி ஏறினார். முற்றத்து மணலிலும் ஒரு சுற்று.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்டும் கடிக்கல்ல" என்றார்.

கதிரையில் உட்கார்ந்து, பட்டியைப் பிடித்துக் கழற்றினார். நான் நினைத்த மாதிரியே ஒரே இழுவையில் வந்தது. காலுறையின் அடிப்பக்கம் சிவப்பாக இருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவினேன், விரலில் ஏறியது. தோலைக் கட்டையில் இழுக்கும்போது அடி மட்டையைப் பிடிக்கச் சின்ன ஆணிகள் அடிப்பார்கள், தைத்து முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள். ஒன்றைப் பிடுங்க மறந்திருக்கிறார்கள். அந்த ஆணியின்மேல்தான் இவர் இவ்வளவு நேரமும் ஏறி ஏறி நடந்திருக்கிறார். இவர் காலுறையைப் பார்த்துவிட்டு, இது எப்போது என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பதற்றம் வரவில்லை. பட்டறைக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் முதலில் வந்தது. காயத்தைக் கழுவித் துணியால் ஒற்றும்போதுதான் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சினீக்கர் ஏன் கடிக்கவில்லை என்பது வந்தது. இவருடைய அப்பாவுக்குச் சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், முதலில் கால் மரத்து, பிறகு அதையே வெட்டி எடுத்தது வந்தது. எங்கள் பக்கம் சீனி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இவரோ மகன் போனபிறகு ஒரு சோதனைக்கும் போகவில்லை. அதன் பின்னால் தீக்குழி வந்தது. அங்கே வந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

சொல்லாமல் விட்டால் இந்தக் கால் போய்விடும். சொன்னால் கால் தப்பலாம், ஆனால் இவர் எதன்மேல் தலைவைத்துத் தூங்குகிறாரோ அது போய்விடும். மகன் தன்னால் போகவில்லை என்று இவருக்குச் சொன்ன ஒரே வாய் அந்தத் தீதான்.

பிழையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் ஒன்றை நினைத்துப் பயப்படுகிறேன், சோதித்தால் ஒன்றும் இராது என்று. மேசையிலிருந்து பென்சிலை எடுத்துவந்து அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "இஞ்சேருங்க, கண்ண மூடுங்க. நான் காலத் தொட்டவுடன சொல்லுங்க" என்றேன். என்ன விளையாட்டு இது என்று சிரித்துக்கொண்டே மூடினார். பென்சில் முனையைக் குதியில் வைத்தேன். அழுத்தி இழுத்தேன், குதியிலிருந்து உள்ளங்கால் வழியாகப் பெருவிரல் வரைக்கும். தோல் குழிந்து குழிந்து எழும்பியது. அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள, எப்ப தொடப்போறாய்?" என்றார்.

"தொட்டுட்டன்."

கண்ணைத் திறந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். கோடு கறுப்பாகக் கிடந்தது. பெருவிரலால் அதைத் தேய்த்தார், தேய்க்கத் தேய்க்க அது பரவியது. விடியவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இது சீனியாகத்தான் இருக்கும், மருந்து இருக்கிறது, இப்போது பார்த்தால் காப்பாற்றலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்ப அண்டைக்கு…" என்று தொடங்கி நிறுத்தினார்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு முற்றத்தைப் பார்த்தார், பிறகு சட்டென்று இடது காலை நீட்டி என் மடியில் வைத்தார். ஈர மணல் ஒட்டியிருந்தது.

"இதப் பாரு. இது உயிரோட இருந்தா அண்டைக்கு இதாவது சுட்டிருக்கோணும். சுடல்லதானே? அப்ப அது அம்மன்தான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். முன்பு போலச் சும்மா மூடவில்லை, இமை சுருங்க இறுக்கி மூடினார். கதிரையின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் பென்சிலைத் தூக்கினேன். இரண்டு மாரிக்காலமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கையைக் கீழே கொண்டுபோக என்னால் ஏலவில்லை.

"தெரியுது" என்றார்.

நான் அசையவில்லை.

"தெரியுது புள்ள. சின்னவிரலுக்குக் கீழ. நல்லாத் தெரியுது."

பென்சில் முனைக்கும் அவருடைய காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.