தலைமாட்டு இடம்

ஆலிவ் முட்டை சாண்ட்விச்சை நாலாக வெட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையில் மறுபடியும் குரல் உயர்ந்தது. கத்தியை ரொட்டியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அப்பா செசில் பீக்கம் கோட்டும் டையுமாக, தலை படிய வாரி, எதுவும் காதில் விழாதவர்போலப் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் மெர்வின், இந்தப் பக்கம் டிரெவர். நடுவில் அப்பா. அவர் உயிரோடு இருந்தபோதும் நிலைமை இதுதான்.

"எங்கிட்ட தன் வாயால சொன்னாரு," என்றான் மெர்வின். "வெளியேறணும்னுதான்டா ஓட்டுப் போட்டுட்டு வந்தேன்னாரு. மாட்டுக் கொட்டகையில நின்னுக்கிட்டு சொன்னாரு."

"எங்கிட்டயுந்தான் சொன்னாரு, ஐரோப்பாவோடயே இருக்கணும்னு போட்டேன்னு," என்றான் டிரெவர். "செத்தவர் வாயில உன் பேச்சத் திணிக்காத."

"யாரு திணிக்கிறா? நீயா நானா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடா," என்றாள் ஆலிவ். "சமையக்கட்டுல ஊரே உக்காந்திருக்கு. அவங்கல்லாம் செவிடுன்னு நெனப்பா?"

சமையற்கட்டில் அத்தனை நேரம் நாடாளுமன்றத்தையும் பிரதம மந்திரியையும் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள். கோப்பைகள் தட்டில் உட்காரும் சத்தம் மட்டும் வந்தது. மெர்வின் பின்கதவு வழியாகக் கொல்லைக்குப் போனான். டிரெவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஆலிவ் அப்பாவின் டையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். செசில் வீடு ஃபெர்மானாவில், லண்டன் ஆளுகிற ராணியின் நாட்டில். வாசலிலிருந்து இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் மோனகன், ஐரோப்பாவோடு இருக்கிற குடியரசு, வேறு நாடு. எங்கள் புராட்டஸ்டன்ட் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் அந்தப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளிநாட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஜனங்கள் நாங்கள். பாலத்தில் எந்த இடத்தில் நாடு மாறுகிறது என்று கேட்டால் எங்களுக்குள்ளேயே நாலு விதமாகச் சொல்வோம்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. துப்பாக்கிக்காரர்கள் வராமல் எல்லையை அடைக்க ராணுவம் அந்தப் பாலத்தைத் தகர்த்துப்போட்டிருந்த வருஷத்தில்தான் இவர்களுடைய அம்மா இறந்தாள். கண்ணெதிரே தெரிகிற கல்லறைத் தோட்டத்துக்கு அவளை எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். டிரெவர் அதை மறக்கவேயில்லை. அவனுடைய மாட்டுப் பாலும் தினமும் லாரி ஏறி அந்தப் பக்கத்துப் பால் பண்ணைக்குத்தான் போகிறது. மெர்வினுக்கு நினைவிருப்பது வேறு. அதே காலத்தில், அதே எல்லையைத் தாண்டி வந்தவர்கள் அவன் சிநேகிதனை டிராக்டரில் வைத்துச் சுட்டுவிட்டுப் போனார்கள். நம்மை லண்டனிலிருந்து பிரித்து அந்தப் பக்கத்தோடு கட்டப் பார்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அவனுக்கு ரத்தம் கொதித்துவிடும். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

ஜனவரியில், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் தூக்கிக் கடாசிய வாரம், ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டிவிக்காரர்களும் கேமராவோடு வந்திருந்தார்கள். எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வந்தால் என்ன, வராமலிருக்க என்ன விலை கொடுப்பது என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. முடிகிறபோது மெர்வின் தம்பியைப் பார்த்து, "நீ பால் காசுக்கு நாட்ட வித்தவன்டா" என்று சொல்லிவிட்டான். "லண்டன்ல நீ யாருக்கு வால் புடிக்கிறியோ அவனுக்கு ஃபெர்மானா எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது" என்று டிரெவர் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் சாயங்காலச் செய்தியில் நாடே அதைப் பார்த்தது. செசிலும் பார்த்தார். பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் முடி வெட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு மெர்வின் காலையில் வருவான், டிரெவர் சாயங்காலம் பால் கறந்துவிட்டு வருவான். ஒருவன் வண்டி வளைவில் மறைந்த பிறகு அடுத்தவன் வண்டி வருகிற மாதிரி ஆலிவ்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவோடு இருந்துவிட்ட மூத்தவள் அவள். பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோறு போடுகிறவளுக்கு வீட்டில் இரண்டு பேரை ஒரே மேஜையில் உட்கார வைக்க முடியவில்லை.

கடைசி நாளன்று அப்பாவுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆலிவ் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத் தூக்கும்போது தலைமாட்டுல ரெண்டு பேரையும் ஜோடியா நிறுத்து," என்றார். "வேற எவனையும் விடாத."

"இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?"

"பெட்டி தோள்ல இருந்தா ஒருத்தனுக்கொருத்தன் கைய போட்டுத்தானே ஆகணும்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. "பண்ணுவியா?"

பண்ணுகிறேன் என்றாள்.

எங்கள் பக்கம் பெட்டியை நாலு நாலு பேராகத் தூக்குவார்கள். ஒரே உயரமுள்ளவர்கள் ஜோடி சேர்வார்கள். பெட்டிக்கு அடியில் ஒருவர் கை இன்னொருவர் முதுகைச் சுற்றி அந்தப் பக்கத் தோளைப் பிடித்திருக்கும். பிடிக்காவிட்டால் பெட்டி நிற்காது. கால்மாடு முன்னால் போகும், தலைமாடு பின்னால். தலைமாடு பிள்ளைகளுக்கு உரிய இடம். பீக்கம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் அளந்து வைத்தாற்போல ஒரே நெடிய உயரம் என்பதால் அப்பாவின் ஆசை நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் இரண்டு நாளாகத் தம்பிகள் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். அவன் நிற்கிற இடத்தில் நான் நிற்க மாட்டேன்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆலிவுக்குப் பயமாக இருந்தது. இனி அவளுக்கென்று இருப்பது இந்த இரண்டு பேர்தான். இத்தனை நாள் அப்பா என்ற சாக்கில் இரண்டு வண்டியும் இந்த வாசலுக்கு வந்தன. இன்றைக்குச் சேராவிட்டால் இனிச் சேர்வதற்குக் காரணமே கிடையாது. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருவனைக் கூப்பிட்டால் இன்னொருவன் வரமாட்டான்.

கொல்லையில் மெர்வின் தண்ணீர்த் தொட்டியோரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் நிறுத்தச் சொல்லி வருஷமாகிறது. ஆலிவ் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஓட்டுப் போட நீதான அவரக் கூட்டிட்டுப் போன?" என்றான். "உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லுக்கா. யாரு சொல்றது உண்மை?"

ஆலிவுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்து காரில் ஏறி, "உள்ள பென்சில் மொட்டையா கெடக்கு" என்றார். வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு இரண்டு மகன்களுக்கும் அவரவர் கேட்க விரும்பியதைச் சொல்லியிருக்கிறார், கிழவர்.

எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அப்பா உள்ளே கிடக்கிறார், இவனுக்கு ஜெயிக்க வேண்டும்.

"டிரெவர் பக்கந்தான் போட்டாரு," என்றாள். "போதுமா?"

மெர்வின் சிகரெட்டைக் கீழே போட்டான். மிதிக்கவில்லை. அது ஈரத்தில் தானே அணைந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடியனுக்கு ஐம்பத்திரண்டு வயதென்று அந்த நேரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எங்கிட்ட அப்படிச் சொன்னாரா," என்றான். பிறகு, "சரி. விடு."

ஆலிவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த முகத்தில் ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சண்டை இல்லை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. ஒருவனுக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவனுக்கும் கொடுத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

டிரெவர் சமையற்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஆட்கள் வாசலுக்கு நகர்ந்திருந்தார்கள். ஆலிவ் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"டிரெவர், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அப்பா மெர்வின் பக்கந்தான் போட்டாரு. எங்கிட்ட கார்ல சொன்னாரு."

டிரெவர் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினான்.

"எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்," என்றான் கடைசியில். "நான் பேசும்போது எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டுவாரு. ஒரு மனுஷன் அவ்வளவு சுலபமா ஒத்துக்குவானா?" மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டான். "பாவம் அவன். அவ்வளவு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசிருக்கக் கூடாதுக்கா."

சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆலிவ் நினைத்தாள்.

பதினோரு மணிக்கு, அடக்கத்துக்கான ஏற்பாடுகளைச் செய்கிற குரோஸியர், கறுப்புக் கையுறையோடு வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார். பெட்டியை மூடி வெளியே கொண்டுவந்து இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. பாதை நெடுகப் பாலம்வரை ஊர் நின்றது.

"வீட்டு ஆளுங்க முதல்ல," என்றார் குரோஸியர். "தலைமாட்டுக்கு வாங்க."

யாரும் வரவில்லை. மெர்வின் நேராகக் கால்மாட்டுக்குப் போய் நின்றான். அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து டிரெவரும் கால்மாட்டுக்கு வந்து நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள்.

"நீ தலைமாட்டுக்குப் போ," என்றான் மெர்வின்.

"நீ போ. நீதான் பெரியவன்."

"சொன்னாக் கேளுடா. அது உன் எடம்."

"என் எடமா? உன் எடம்."

குரோஸியர் எவ்வளவோ சாவு வீடு பார்த்தவர். தலைமாட்டுக்காக அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று அடித்துக்கொள்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார். ஆலிவ் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

ஆலிவுக்குப் புரிந்தது: அப்பா அடுத்தவன் பக்கம் என்று நம்பி இரண்டு பேரும் இடத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அப்பா கேட்டது தலைமாடு. இவர்களோ கால்மாட்டை விட்டு அசைய மாட்டார்கள். ஆனால் ஜோடியாக நிற்கிறார்கள். தோளோடு தோள் உரச நிற்கிறார்கள்.

"அவங்க அங்கயே இருக்கட்டும்," என்றாள். "தலைமாட்டுல நான் நிக்கிறேன்."

"பொம்பளைங்க தூக்கி நான் பாத்ததே இல்லியேம்மா..."

"உயரம் சரியாத்தானே இருக்கு?"

குரோஸியர் கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு வழிவிட்டார். அவளோடு ஜோடி சேர இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கூட்டத்திலிருந்து மலாக்கி வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒட்டடைக் கம்பு மாதிரி நெடிய மனிதர், செசிலோடு சேர்ந்து கன்றுக்குட்டிகளை எல்லைக்கு அங்குமிங்கும் திருட்டுத்தனமாக ஓட்டிய பழைய கூட்டாளி. "நான் வரலாமா, ஆலிவ்?" என்றார். அவள் தலையசைத்தாள்.

தூக்கினார்கள். அவள் நினைத்ததைவிட அப்பா கனமாக இருந்தார். மலாக்கியின் கை அவள் முதுகைச் சுற்றி வந்து தோளைப் பிடித்தது. முன்னால் மெர்வினின் கை தயங்கித் தயங்கிப் போய் டிரெவரின் கோட்டைப் பற்றுவதையும், டிரெவரின் கை வந்து மெர்வினின் தோளில் பதிவதையும் பெட்டிக்கு அடியில் பார்த்தாள். மரம் அவள் காதை ஒட்டி இருந்தது.

"கால்மாடுதான்ப்பா கெடச்சுது," என்று பெட்டிக்குள் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காத."

பாதை இறங்கிப் பாலத்துக்கு ஏறியது. கூட்டம் பின்னால் தள்ளி வந்தது. பாலத்தின் மேட்டில் மெர்வினின் தாழ்ந்த குரல் கேட்டது.

"டேய். அப்பா உன் பக்கந்தான் போட்டிருக்காரு. அக்கா சொல்லுச்சு. தெரிஞ்சுக்க."

டிரெவர் பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"என்ன ஒளர்ற? உன் பக்கம் போட்டாருன்னுல்ல எங்கிட்ட சொல்லுச்சு."

"யாரு?"

"அக்காதான்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பப் பார்த்தார்கள். பெட்டி தோளில் இருக்கும்போது கழுத்து திரும்பாது. இரண்டு காதும் மரத்தில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"என்னாச்சு?" என்று கிசுகிசுத்தார் மலாக்கி.

"ஒண்ணுமில்ல. நடங்க."

குரோஸியர் பக்கவாட்டில் வந்து கையைக் காட்டினார். "எறக்கி மாத்திக்கலாம். அடுத்த நாலு பேர் வாங்க."

"வேணாம்," என்றான் மெர்வின். "சர்ச்சுவரைக்கும் நாங்களே கொண்டுபோறோம்."

குரோஸியர் டிரெவரைப் பார்த்தார். டிரெவர் நிற்காமல் நடந்தான்.

ஆறு கீழே மழைத் தண்ணீரோடு ஓடியது. அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போது முன்னால் இரண்டு முதுகும் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று பின்னாலிருந்து ஆலிவுக்குத் தெரியவில்லை. பெட்டி லேசாக ஆடியது. அவள் தோளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டாள்.