நிலபாவாடை

"இலட்சுமிக்கு ஏலாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு வா, மார்க்கண்டு," என்றார் கோயில் செயலாளர்.

வேலிக்கு வெளியே, மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்தபடியே அதைச் சொன்னார். வண்டியை ஓட்டிவந்த கிரிசாந்த் எஞ்சினை நிறுத்தவில்லை. மார்க்கண்டு தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு உள்ளே நின்றார். கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த றஜிதாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

நாளைக்குக் காலை பத்தரைக்கு ஊர்வலம். சந்தியிலிருந்து கோயில் முன்றல் வரை மேளதாளத்தோடு, அஞ்சலோட்டத்தில் வென்ற பிள்ளைகளைக் கூட்டிப்போய், அங்கே மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துவதென்று நிர்வாக சபை முடிவெடுத்திருந்தது. பிள்ளைகளின் கால் வீதியில் படக்கூடாது. அதற்கு நிலபாவாடையாக வெள்ளைத் துணி விரிக்கவேண்டும். அந்த ஊரில் வெள்ளை விரிக்கிற குடும்பம் ஒன்றுதான் இருந்தது.

"நாலாவதா ஓடினது எங்கட பிள்ளைதான், ஐயா," என்றார் மார்க்கண்டு.

"அது தெரியும். அதுக்குத்தானே சொல்றன். அவளும் ஊர்வலத்தில வாறாள்தானே."

செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. சிக்கலான ஒரு கணக்குக்கு விடை கண்டவரைப் போல அவர் முகம் தெளிவாக இருந்தது. கிரிசாந்துக்கு இருபத்துநாலு வயது. இளைஞர் கழகத்தின் தலைவன். மார்க்கண்டுவின் மூத்த மகன் இருந்திருந்தால் அந்த வயதுதான். அவனும் போகும்போது, "பத்து மணிக்கே வந்திரு, மார்க்கண்டு," என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினான்.

றஜிதா வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் இருந்த இலட்சுமி, முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டே மகளைப் பார்த்தாள். பாணும் பருப்பும் மேசையில் இருந்தன. றஜிதா சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை குருநாகலில் நடந்த மாகாணப் போட்டியில், பெண்களுக்கான நாலு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டத்தில் றஜிதா படிக்கும் மத்திய கல்லூரி முதலிடம் பெற்றிருந்தது. கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து மெய்வல்லுநர் அணிக்கு மாகாணத்தில் ஒரு வெண்கலம்கூடக் கிடைத்ததில்லை. முதலாவதாக ஓடியவள் மதுரங்குளியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஆதிலா. இரண்டாவது சாருமதி. மூன்றாவது அணித் தலைவி அனுஜா, செயலாளரின் மகள். கடைசியாக ஓடியவள் றஜிதா. கோல் அவள் கைக்கு வந்தபோது கல்லூரி மூன்றாவது இடத்தில் இருந்தது.

உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் அவள் அணியில் சேர்ந்தாள். ஜனவரியில் விளையாட்டு ஆசிரியர் ரிஃபாஸ் புதிதாக ஆட்களைத் தேடி, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்கி ஓடவிட்டார். இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். பங்குனி வெயில் வந்தபோது ஆறு பேர் மிஞ்சினார்கள். அந்த ஆறு பேரில் பழைய ஓட்டக்காரிகளை முந்தியவள் றஜிதா ஒருத்திதான்.

தொடக்கத்தில் அனுஜாவுக்கும் அவளுக்கும் இடையில் கோல் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. அனுஜா கடைசி நொடியில், கை பட முன்னமே, கோலை விட்டுவிடுவாள். ரிஃபாஸ் சேர் வேறு ஊர்க்காரர். மூன்று நாளாகியும் அவருக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் ஆதிலாவிடம் கேட்டார். ஆதிலாவுக்கும் தெரியவில்லை. சாருமதிதான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அது அவர்களின் ஊரில் ஒரு வழமை என்று சொன்னாள். சேர் அனுஜாவைக் கூப்பிட்டு ஏசவில்லை. கை பட்டால்தான் கோல் மாறும் என்று மட்டும் சொல்லி, அன்று பொழுது சாயும்வரை இருவரையும் அதையே செய்யவைத்தார். பிறகு விழவில்லை. சித்திரை முடிவதற்குள் அவர்கள் இருவரும் ஒரே சோற்றுப் பார்சலில் சாப்பிட்டார்கள். மைதானத்துக்குப் பின்னால், ஊரார் ஒருவரும் வராத இடத்தில்.

அன்று சனிக்கிழமை முழுவதும் மார்க்கண்டுவுக்கு வீட்டில் வெள்ளை வேலைதான். கற்பிட்டிப் பக்கம், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வரும் ஹோட்டல் ஒன்றில் அவருக்கு லோன்றியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்குவார். ஆளுயரச் சலவை இயந்திரங்கள் இரண்டு அவர் பொறுப்பில் இருந்தன. அங்கே பொடியன்கள் அவரை அண்ணன் என்பார்கள். மனேஜர் மிஸ்டர் மார்க்கண்டு என்பார். ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வெறும் மார்க்கண்டு. சாவீடு, கலியாண வீடு, தேர் எதுவென்றாலும் ஆள் வந்து வேலிக்கு வெளியே நின்று கூப்பிடும். பெட்டியிலிருந்து இரண்டு துண்டு வெள்ளையையும் எடுத்துத் தோய்த்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தார். கொடியில் அவை கடல்காற்றுக்கு அடித்துக்கொண்டன. றஜிதா அதற்குக் கீழே இருந்து பொருளியல் குறிப்பு எழுதினாள்.

பின்னேரம் அவளுடைய கைப்பேசிக்கு அனுஜாவின் செய்தி வந்தது. அப்பாவிடம் கேட்டேன், ஏசுகிறார் என்று இருந்தது. றஜிதா வாசித்துவிட்டு வைத்தாள்.

போகாமல் விடலாமா என்று இலட்சுமி இரவு கேட்டாள். மார்க்கண்டு, போன வருடம் பந்தலுக்கு வெள்ளை கட்டப் போகாத பிழைக்கு மூன்று மாதம் பொதுக் குழாயில் தண்ணீர் அள்ளவிடாததை நினைவுபடுத்தினார். பிறகு மகளைப் பார்த்தார். "நான் வாறன், அப்பா," என்றாள் அவள்.

சந்தியில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். நாலு பிள்ளைகளின் படமும் நாலு பெயரும் அதில் இருந்தன. கிரிசாந்த் தன் கையாலேயே வடிவமைத்தது. றஜிதா படத்தில் இருப்பதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அனுஜாவும் சாருமதியும் ஆதிலாவும் அணியின் நீலச் சட்டையில், கழுத்தில் பதக்கத்தோடு, வெறுங்காலுடன் நின்றார்கள். றஜிதா பழைய பாவாடையும் சட்டையும் போட்டிருந்தாள். பதக்கம் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. அவள் கையில் துணிச்சுருளைக் கண்டதும் ரிஃபாஸ் சேர் முகம் மாறிச் செயலாளரிடம் போனார்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள நீங்க சொல்றத நாங்க கேக்கிறம், சேர்," என்றார் செயலாளர், மிக மரியாதையாக. "இது ஊர் வழமை. நீங்க வேற ஆக்கள். உங்களுக்கு விளங்காது."

ஆதிலா வேற்றூர்ப் பிள்ளை, வேற்று மார்க்கம்; அவள் வெள்ளையில் நடப்பதில் சபைக்கு ஒரு தடையும் இல்லை. விருந்தாளி என்று தீர்மானித்திருந்தார்கள். சேருக்கு இந்தக் கல்லூரியில் இன்னும் நாலு வருடம் இருக்கவேண்டியிருந்தது. பிள்ளைகளின் செருப்புகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தார்.

மேளம் தொடங்கியது. முதல் துண்டை மார்க்கண்டு விரித்தார். அதன் முடிவிலிருந்து இரண்டாவதை றஜிதா விரித்தாள். மூன்று பேரும் முதல் துண்டைக் கடந்ததும், அப்பா பின்னால் போய் அதைச் சுருட்டிக் கொடுக்க, மகள் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி விரிக்கவேண்டும். தார் சுட்டது. குனிந்து துணியின் நுனியை நீவியபோது அவளுக்கு முன்னால் ஆறு பாதங்கள் தெரிந்தன. போட்டிக்கு முதல்நாள் இரவு, தங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில், நாலு பேரும் ஒரே போத்தலிலிருந்து நகத்துக்கு நீலம் பூசியிருந்தார்கள். அனுஜாவின் பெருவிரலில் அது கொஞ்சம் உரிந்திருந்தது. றஜிதா அதைப் பார்த்தாள். கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ ஒருத்தியின் கைகள் துணியை நீவுவதைப் போல இருந்தது.

அனுஜா ஒருமுறை குனிந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் அவளுடைய அம்மாவும் சித்தியும் வந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்து நடந்தாள்.

கிரிசாந்த் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நேரலை போட்டுக்கொண்டு பின்புறமாக நடந்தான். இரண்டு தடவை றஜிதாவை விலகச் சொன்னான். அவள் குறுக்கே வந்தால் வெற்றி பெற்ற பிள்ளைகள் படத்தில் விழவில்லையாம். அவள் விலகினாள். விலகியதில் துணி வரப் பிந்தியது. கோயில் வளைவுக்கு இன்னும் அறுபது மீற்றர் அளவில், மூன்று பேரும் விரித்த துணியின் நுனிக்கு வந்துவிட்டார்கள், அடுத்தது வரவில்லை.

"கெதியா ஓடு, பிள்ளை," என்றார் செயலாளர் சிரித்துக்கொண்டே. "நீதானே ஓட்டக்காரி."

சனம் சிரித்தது. அதில் வன்மம் எதுவும் இருக்கவில்லை. அனுஜாவின் சித்தி சிரித்தாள், மேளகாரர் சிரித்தார், தேநீர்க்கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். றஜிதாவும் தன் வாய் மெல்ல விரிவதை உணர்ந்தாள்.

பின்னால் குனிந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த மார்க்கண்டு மகளின் அந்தச் சிரிப்பைக் கண்டார். நிமிர்ந்தார். பாதி சுருட்டிய துணியை அப்படியே வீதியில் வைத்தார். வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு, சனத்தை விலக்கி முன்னால் வந்தார்.

"போதும், பிள்ளை," என்றார். "வா, வீட்ட போவம்."

கூட்டத்தின் நடுவால் இருவரும் திரும்பி நடந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. என்ன நடந்தது என்று பலருக்கு விளங்குவதற்குள் அவர்கள் சந்தியைத் தாண்டிவிட்டார்கள்.

மூன்று பிள்ளைகளும் துணியின் நுனியில் நின்றார்கள். பின்னால் கிடக்கும் துண்டை எடுத்து முன்னால் விரித்தால் போதும். ஒரு நிமிட வேலை. அங்கே இருநூறு பேர் இருந்தார்கள். கிரிசாந்த் குனிந்தான். குனிந்தவன், நேரலை ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, நிமிர்ந்தான். ஒருவர் மற்றவரைப் பார்த்தார்கள். எடுக்கிறவன் நாளைக்கு என்ன பெயர் வாங்குவான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடித்து, வேறு வழியில்லாமல் இன்னொன்றைத் தொடங்கினார்.

கால்மணி நேரத்துக்குப் பிறகு ஓர் ஓட்டோவைக் கொண்டுவந்தார்கள். அதைத் துணியின் நுனிவரை பின்னால் எடுத்து, கால் தரையில் படாமல் அனுஜாவையும் சாருமதியையும் ஏற்றி, அறுபது மீற்றர் ஓட்டிக்கொண்டு போனார்கள். மேளம் ஓட்டோவுக்குப் பின்னால் நடந்தது. ஆதிலா ஏறவில்லை. சேரின் பையிலிருந்து தன் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, சந்திப் பக்கம் திரும்பி நடந்தாள். சேரும் அவளுடன் போனார்.

வீட்டில் இலட்சுமி முதலில் கேட்டது, வெள்ளை எங்கே என்பதைத்தான்.

"ரோட்டில," என்றார் மார்க்கண்டு.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். இனித் தண்ணீருக்கு என்ன செய்வது, ஆர் முகத்தில் விழிப்பது என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். மார்க்கண்டு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"மூண்டாவதா நிண்டு எப்பிடி முதலாவதா வந்தனி?" என்றார். வியாழக்கிழமை அவர் ஹோட்டலில் இருந்தார், ஓட்டத்தைக் கண்டதில்லை.

றஜிதா யோசித்தாள். "தெரியாது, அப்பா. ஓடினன். திரும்பிப் பாக்கேக்க ஒருத்தரும் இல்லை."

அவருடைய கைப்பேசி அடித்தது. செயலாளர். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. துணி நடு வீதியில் கிடக்கிறது, சிலாபம் பஸ் வந்து நிற்கிறது, உடனே வந்து எடு என்றார். மற்றதெல்லாம் சபை கூடிப் பேசும் என்றார்.

"அது துணிதானே, ஐயா," என்றார் மார்க்கண்டு. "ஆரும் எடுக்கலாம்." கைப்பேசியை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தார். றஜிதா எழுந்துபோய்ச் சோறு போட்டாள்.

வீதியில் பஸ் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. சாரதி தலையை வெளியே நீட்டி இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். அங்கே நின்ற எல்லோருக்கும் சிங்களம் தெரியும். ஒருவருக்கும் பதில் வரவில்லை. கடைசியில் கொண்டக்டர் இறங்கினான். இரண்டு துண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டில் விரிப்பை மடிப்பதுபோல் மார்பில் அணைத்து மடித்து, பக்கத்து மதிலில் வைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

ஊர்வலத்துக்கு வந்திருந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்குச் சிலாபம் போகவேண்டியிருந்தது. அவர்கள் ஏறினார்கள். கொண்டக்டர் நெருக்கியடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்து, அந்தக் கையாலேயே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். வாங்க ஒருவருக்கும் கூசவில்லை.