இடுப்பளவு

உண்மை ஒன்றே மனிதனை நிமிர்ந்து நிற்க வைக்கும். என் பழைய பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினனாக, மறுநாள் நான் பேசவேண்டிய உரையின் முதல் வாக்கியம் அது. எழுதிய கையோடு விழாவுக்கென்று வாங்கிய பேண்ட்டைப் போட்டுப் பார்த்தேன். தொடைவரை வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

கடையில் அளவு கேட்டபோது முப்பத்திரண்டு என்றுதான் சொன்னேன். அது என் பிறந்த தேதி மாதிரி, யோசித்துச் சொல்கிற விஷயமில்லை. ஊரில் தையல்கடை வைத்திருக்கும் சிநேகிதன், நான் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தைத்ததெல்லாம் முப்பத்திரண்டுதான். எல்லாமே கச்சிதமாகப் பொருந்தின.

அவன் கடைக்கே போனேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் துணை மேலாளர், ஐம்பத்தைந்து வயதில், அக்குளில் பேண்ட்டுடன். உள்ளே மொட்டை உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்பில் பேன் தொல்லைக்குத் தலையை மழித்தபோது வைத்த பெயர். இப்போது பெயருக்கேற்ற தலையும் வந்துவிட்டது. பெயிண்ட் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பகலெல்லாம் இங்கேதான் இருக்கிறான்.

தையல்காரன் பேண்ட்டைத் திருப்பிப் பார்த்தான். "ரெடிமேடா?"

"ஆமா, கடைக்காரன் கோட்டோட சேர்த்துக் குடுத்தான்டா."

"ம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "பிரிச்சு விட்டா ஒரு இன்ச் வரும். மிச்சத்துக்கு எங்க போறது?"

"முப்பத்திரண்டுன்னு சொல்லி ஏமாத்திட்டான் பாரு."

மொட்டை சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தான்.

"அவன் ஏமாத்தல. நான்தான்," என்றான் தையல்காரன். "முப்பத்திரண்டெல்லாம் உன்னை விட்டுப் போய் ரொம்ப காலமாச்சு. டேப்பைக் கண்டாலே மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவ. முப்பத்திரண்டுன்னு போட்டுக்கன்னு நீயே சொல்லுவ. சரிம்பேன். அப்புறம் கண்ணால பாத்து, தாராளமா வெட்டிருவேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"இவன்கிட்ட சொன்னேன். ஆறு மாசம் பேசல."

மொட்டை கூரை விசிறியை ஆராய்ந்தான்.

"இதே கலர்ல துணி இருக்கு. காலைல தர்றேன். ஆனா நீ இந்தப் பக்கம் வந்தே மூணு வருஷமாச்சு, என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. இந்தத் தடவை நிஜமாவே அளக்கணும்."

"முதல்ல இவனை வெளிய போகச் சொல்லு."

"வெயில்ல எங்கடா போவேன்?" என்றான் மொட்டை. "நானும் இதே இடத்துலதான் நின்னேன். ஒண்ணும் செத்துடல."

டேப் இடுப்பைச் சுற்றியதும் வயிறு தானாக எக்கிக்கொண்டது. தையல்காரன் அளக்கவில்லை, குனிந்தபடியே காத்திருந்தான்.

"மூச்சை விடுறா. எனக்கு முட்டி வலிக்குது."

"விட்டுட்டேன்."

"யாருக்குக் காது குத்துற?"

எத்தனை மீட்டிங்கில், எத்தனை கல்யாணப் போட்டோவில், லிஃப்டில் பக்கத்தில் யார் யாரோ ஏறியபோதெல்லாம் இப்படியே நின்றிருக்கிறேன். இருந்தாற்போலிருந்து அலுத்துப்போயிற்று. விட்டேன். பெரிய பெருமூச்சாக வந்தது.

மொட்டை எழுந்து வந்து, தையல்காரனின் தோள்மேல் கையூன்றி, டேப்பின் முனையை எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்து வாசலில் நின்ற, நாளை நான் பேசவேண்டிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை காதிலும் அது விழுந்தது.

என் இடுப்பு நாற்பத்தொன்று.