பறக்கிற நேரம் மட்டும்

என் தம்பிக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழில். கடல் தாண்டி ஒரு ஊரில் கடை வைத்திருக்கிறான். எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும் பறக்கிற நேரத்தை மட்டும்தான் சொல்வான். நடுவில் இறங்கிக் காத்துக் கிடப்பதும், ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்வதும் அவன் கணக்கில் வராது. முழுசாகச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவாராம். தொழில் புத்தி!

அதை என்னிடமும் காட்டுவான் என்று நான் கண்டேனா?

அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் கிளம்பிவிட்டான், அதில் குறை சொல்லக்கூடாது. ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான்.

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"பதினோரு மணி நேரம்க்கா."

அதை அப்படியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் போய் ஒப்பித்தேன்.

அவளுக்கு எலும்பெல்லாம் வலி. ஊசி போட்டால் வலி தெரியாமல் தூங்கிவிடலாம், ஆனால் இந்த உடம்பு திரும்ப விழிப்பது சந்தேகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"பதினோரு மணி நேரம்தானே? தாங்கிக்கறேன். அவன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போட்டுக்கறேன்" என்றாள் அம்மா. பிடிவாதம் அவளுக்குப் பிறவிக் குணம். எனக்கும் அதுதான் வந்திருக்கிறது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். "எனக்குத்தானேடி வலி, நீ ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?" என்று நடுவில் கிண்டல் வேறு. விடிந்து வெயில் ஏறியது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

சொன்ன நேரம் முடிந்ததும் வெளியே வந்து போன் போட்டேன்.

"எங்கடா இருக்கே? கீழயா?"

"பாதி வழியில இறங்கியிருக்கேன்க்கா. அடுத்த ஃப்ளைட் சாயங்காலம்தான்."

"பதினோரு மணி நேரம்னியேடா, பாவி!"

"அது பறக்கற நேரம்க்கா..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். "ஐயோ, வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டேனே!"

போனை வைத்தேன். உள்ளே போனதும் அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "பரவால்ல, இருக்கேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடம்பு முறுக்கிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் போட்ட சத்தத்தை எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடாது. நர்சைக் கூப்பிட்டேன். "வேணாம்டி, அவன் வரட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பையும் கையுமாக ஓடி வந்தான். அவனைக் கண்டபடி திட்டவேண்டும் என்று வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு மூச்சு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. முட்டிபோட்டு அவள் கன்னத்தைத் தொட்டான்.

"நல்லாத் தூங்கறாளேக்கா. எழுப்பட்டுமா?"

ஊசியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"கூப்பிட்டுப் பாருடா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

"அம்மா, வந்துட்டேம்மா" என்றான். காதருகே குனிந்து மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.