டெல்மரின் ஆசனம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நாற்பத்தாறு டிகிரி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வைத்து, கொதிக்கும் கார் கூரை மேல் உள்ளங்கையை வைத்துச் சொல்லச் சொன்னாலும் இதே வார்த்தைகள்தான் வரும். நம்பாதவர்கள் ஃபீனிக்ஸ் நகரத்தின் தெற்கு மலைக்குப் போய், சைக்கிள் பாதையில் மூன்றாவது மைலில் இருக்கும் பாறையைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு மரப்பலகை நட்டிருக்கிறது. மனிதர்கள் பேசுவதில் கூடக் குறைய இருக்கலாம். பலகை பொய் சொல்லாது.

அந்தப் பாறை ஆள் நெஞ்சு உயரம். பாதை அதன் மேல் ஏறி, விளிம்பில் திடீரென்று காணாமல் போகும். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, டெல்மர் அந்த விளிம்பில் முன் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது. டெல்மர் நிற்கவில்லை. காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கீழே இருந்த பீப்பாய்க் கள்ளியின் மேல், தேவாலயத்தில் உட்காருவது போல முதுகு நேராக உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவரைக் கள்ளியிலிருந்து பிரிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து அந்தப் பாறைக்கு 'டெல்மரின் ஆசனம்' என்று பெயர்.

அங்கே பெயர் வைக்கும் உரிமை விழுந்தவருக்கு இல்லை, பார்த்தவர்களுக்குத்தான். வைத்த பெயரை அழிக்கவும் ஒரு வழி உண்டு. விழுந்தவர் அதே சைக்கிளில், கால் தரையில் படாமல், மூன்று சாட்சிகள் பார்க்க அந்த இடத்தைக் கடந்துவிட்டால் பெயர் ரத்து. வேறு சைக்கிள் செல்லாது. அப்படி விட்டால் புதுசாக வாங்குகிறவனெல்லாம் மானத்தையும் சேர்த்து வாங்கிவிடுவான் என்பது செலோவின் வாதம்.

செலோ அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் தலைவி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அறுபது குழந்தைகளைக் கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்த்து அடக்கியவளுக்கு நாலு கிழவர்கள் எம்மாத்திரம்.

டெல்மர் எட்டு வருடத்தில் ஏழு தடவை முயன்றார். ஏழு தடவையும் விளிம்பு வந்ததும் இடது கை தானாகப் போய் முன் பிரேக்கைப் பிடித்தது.

"உனக்குப் பயமே இல்ல டெல்மர்," என்றாள் செலோ. "உன் இடது கைக்குத்தான் பயம். அதை வீட்ல விட்டுட்டு வா."

டெல்மர் முப்பத்தைந்து வருடம் அந்த ஊரின் ஏசி மெஷின்களைப் பழுது பார்த்தவர். ஜூலை மாத மத்தியானத்தில் கூரை மேல் ஏறி, பாதி ஊரைக் குளிர வைத்தவர். அந்தப் பாதி ஊரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அவர் பெயர் இருக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். பாதையில் புதிதாக வருகிறவர்கள், "அந்த டெல்மர் நீங்கதானா?" என்று கை குலுக்குவார்கள். குலுக்கிவிட்டு அவருடைய பின்பக்கத்தை ஒரு தடவை பார்ப்பார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் மே மாதத்தில் நிலைமை முற்றிவிட்டது. பாதை முழுக்கப் பெயர்ப்பலகை நடப்போவதாகச் செலோ அறிவித்தாள். எழுத்துகளைச் சூட்டுக்கோலால் அவளே பொசுக்கி எழுதியிருந்தாள். 'டெல்மரின் ஆசனம்' பலகை பிரமாதமாக வந்திருந்தது.

"இது நூறு வருஷம் நிக்கும்," என்றாள். "உனக்கு மூணு வாரம் டைம். தாண்டிட்டேன்னா பலகையைத் திருப்பி அந்தப் பக்கம் வேற பேர் எழுதறேன். தாண்டலேன்னா, நீ போன பிறகும் உன் ஆசனம் இருக்கும்."

டெல்மர் அந்தக் கோபத்திலேயே போய் எட்டாவது தடவையும் முயன்று விழுந்தார். இந்தத் தடவை பீப்பாய்க் கள்ளி இல்லை, இடது பக்கம் இருந்த தாவும் கள்ளி. பக்கத்தில் போனாலே முள்ளுருண்டைகள் தாவி ஒட்டிக்கொள்ளும் ஜாதி அது. அதை எடுப்பதற்காகவே அங்கே ஓட்டுகிற எல்லோர் பையிலும் சீப்பு இருக்கும். வழுக்கைத் தலையர்களின் பையில்கூட. டெல்மரின் சீப்பு பதினோராவது உருண்டையில் உடைந்தது. ஹேண்டில்பாரிலும் அதில் கழற்றி மாட்டிய ஹெல்மெட்டிலும் இன்னும் நாற்பது உருண்டைகள் பாக்கி. வீட்டுக்கு வந்து சைக்கிளை அப்படியே கார் கொட்டகையில் சாய்த்துவிட்டு, அதன் முகத்தில் விழிக்காமல் உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. கொட்டகையில் யாரோ ஸ்டார்ட் ஆகாத பழைய காரைத் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. டெல்மர் போய்ப் பார்த்தார். கார் எதுவும் இல்லை. ஹேண்டில்பார் மேல் ஒரு கள்ளிக்குருவி நின்று கத்திக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாருக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில், கால்பந்து அளவுக்குப் புல்லால் பின்னிய கூடு. அந்தக் குருவி தாவும் கள்ளியில்தான் கூடு கட்டும். டெல்மரின் சைக்கிளை அது கள்ளிச்செடி என்றே முடிவு செய்திருந்தது. வாசல் இடது பக்கம். முன் பிரேக் பிடிதான் வாசற்படி. உள்ளே மெத்தைக்கு டெல்மரின் கையுறை ஒன்று. அதன் மேல் மூன்று முட்டை.

டெல்மர் கையை நீட்டினார்.

"தொட்டுடாத," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மனைவி வெர்னா, கழுத்தில் பைனாகுலருடன். வெர்னா பறவை கணக்கெடுக்கும் சங்கத்தில் இருபது வருடமாக இருக்கிறாள். "முட்டை இருக்கற கூட்டை இருக்கற எடத்துலேர்ந்து எடுத்தா சட்டப்படி குத்தம்."

"நாளைக்கு எனக்கு சைக்கிள் வேணும், வெர்னா."

"கூடுதான் சைக்கிள்மேல இருக்கே. சைக்கிள்மேலேயே இருக்கட்டும். சைக்கிள் எங்க போகுதுங்கறதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல."

"ஹெல்மெட்?"

வெர்னா தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். கத்தரிப்பூ நிறம், பக்கவாட்டில் டெய்சிப் பூக்கள். டெல்மர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டு வருடத்தை நினைத்துப் பார்த்தார். வாங்கி மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும், வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை மெதுவாகவே ஓட்டிப் போனார். பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. குருவி திரும்ப அடித்தது. கார் வேறு தெருவில் திரும்பிப் போய்விட்டது.

அடிவாரத்தில் செலோ பலகையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஹாய்ட், டெல்மரின் பழைய கூட்டாளி. முதுகுப் பை நிறைய ஐஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெர்னா முன்கூட்டியே நடந்து மேலே போய்விட்டாள்.

செலோ சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். "மனுஷங்க லக்கேஜைப் பின்னாடி கட்டுவாங்க."

"கட்டினது நான் இல்ல."

"டேய் டெல்மர், அந்த ஹெல்மெட் உனக்கு நல்லா இருக்குடா," என்றான் ஹாய்ட். "முகத்துக்கு ஒரு களை வருது."

"உன் டயரைப் பாத்துக்கடா நீ."

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று பேரும் ஏற ஆரம்பித்தார்கள். வெயில் அன்று சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் சுவாரோ கள்ளிகள் ஒன்றின் நிழலில் இன்னொன்று ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தன. ஹாய்ட் பையிலிருந்த ஐஸ் முதல் மைலில் தண்ணீர் ஆயிற்று, இரண்டாவது மைலில் வெந்நீர் ஆயிற்று. அவன் அதில் ஒரு தேயிலைப் பையைப் போட்டுக்கொண்டு, பால் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தான். அடுத்த திருப்பத்தில் பால் கிடைத்தது, ஆனால் டயரிலிருந்து. முள் குத்தினால் தானாக அடைத்துக்கொள்வதற்காக டயருக்குள் ஊற்றி வைக்கிற வெள்ளைப் பால், பதினோரு ஓட்டை வழியாகப் பதினோரு திசையில் பீய்ச்சியது.

"நீங்க போங்க," என்றான் ஹாய்ட், பால் வடியும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "நான் தூக்கிட்டு வர்றேன்."

இரண்டரை மைலில் பாதையின் குறுக்கே ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருந்தது. வாலை ஆட்டியது. குருவி வாசற்படியில் வந்து நின்று, தன் பழைய காரைக் கிளப்பியது. பாம்பு ஒரு நிமிடம் கேட்டது. தனக்கு வாய்த்த வாத்தியம் ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் போனது.

பாறைக்குக் கீழே வெர்னா பைனாகுலருடன் உட்கார்ந்திருந்தாள். செலோ சுற்றுவழியில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்று, மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ரெண்டு சாட்சிதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு உன் பொண்டாட்டி. ஹாய்ட் வரட்டும்."

"நாப்பது வருஷத்துல இவனைப் பத்தி நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கியா?" என்றாள் வெர்னா. "என்னைவிட நேர்மையான சாட்சி உனக்கு எங்க கெடைக்கும்?"

செலோ அதை ஒப்புக்கொண்டாள். "சரி, ரெண்டு. மூணாவது?"

"அவன் வர்ற வரைக்கும் முட்டை தாங்காது," என்றாள் வெர்னா. "இப்பவே பாதி வெந்திருக்கும். டெல்மர், வர்றதுன்னா வா, இல்லேன்னா நிழலுக்குப் போ."

மேலே டெல்மர் நின்றார். பத்தடி தூரத்தில் பாதை காணாமல் போயிற்று. அதற்கப்பால் வானமும், ரொம்பக் கீழே ஊரும், ஊரின் லட்சக்கணக்கான கூரைகளும், ஒவ்வொரு கூரையிலும் ஒரு ஏசி மெஷினும் தெரிந்தன. எத்தனையோ அவர் கை பட்டவை. ஒன்றிலும் பலகை இல்லை.

அவர் பெடலை மிதித்தார்.

விளிம்பு வந்தது. இடது கை, எட்டு வருடப் பழக்கத்தில், முன் பிரேக்குக்குப் போனது. அங்கே குருவி நின்றுகொண்டிருந்தது. ஒரு கொத்து. ரத்தம் வந்தது. கை சட்டென்று பின்வாங்கியது. பிடிக்க எதுவும் இல்லாததால் டெல்மர் உடம்பைப் பின்னால் தள்ளி, முட்டைகள் ஆடக் கூடாதே என்று முழங்கையையும் முழங்காலையும் வெண்ணெய் போல இளக்கிக்கொண்டார். முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரம் இறங்கியது. அவ்வளவுதான். எட்டு வருடமாக அந்தப் பாறை கேட்டது அவ்வளவுதான்.

கீழே சமதரையில் சைக்கிள் தானாக உருண்டு போய், செலோவின் முன்னால் நின்றது. டெல்மர் அப்போதும் காலை ஊன்றவில்லை, மறந்துவிட்டார். வெர்னாதான் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கூட்டுக்குள்ளிருந்து மெல்லிதாகச் சத்தம் வந்தது. வெர்னா எட்டிப் பார்த்தாள். வெயில் தன் பங்குக்கு அடைகாத்து முடித்திருந்தது. மூன்றும் பொரிந்திருந்தன.

"சாட்சி அஞ்சு ஆச்சு," என்றாள் வெர்னா.

"குஞ்சுங்க செல்லாது," என்றாள் செலோ. "சம்பவம் நடந்தப்ப முட்டைக்குள்ள இருந்துதுங்க. கண்ணால பாத்திருக்கணும்."

"சரி, தாய்?" என்றார் டெல்மர், ரத்தம் வரும் விரலைச் சப்பிக்கொண்டே. "அது வெளிய நின்னுது. முழுக்கப் பாத்துது."

"பாதையைப் பாத்துதா, உன்னையா?"

"என்னைத்தான். என் மூஞ்சிக்கு நேரா. நான் எந்த லட்சணத்துல எறங்கினேன்னு தெரிஞ்சவங்க இந்த உலகத்துல அது ஒண்ணுதான்."

செலோ பேருந்து ஓட்டிய காலத்துப் பார்வையால் குருவியைப் பார்த்தாள். குருவியும் அவளைப் பார்த்தது. அறுபது குழந்தைகள் தாங்காத பார்வையை அது தாங்கியது. கடைசியில் கண்ணைத் தாழ்த்தியது செலோதான்.

"மூணு சாட்சி," என்றாள். "ஆசனம் ரத்து." முதுகிலிருந்து பலகையை அவிழ்த்து, காலிப் பக்கத்தைத் திருப்பினாள். "என்ன பேர் வெக்கலாம்?"

டெல்மர் யோசித்தார். இத்தனை வருடம் பெயருக்காகத் தூங்காமல் கிடந்தவருக்கு, வாய்ப்பு வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. "குருவி எறக்கம்னு வை," என்றார். "வேலை செஞ்சது அதுதான்."

அப்போதுதான் ஹாய்ட் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். "ஏதாவது நடந்துதா?"

"ஒண்ணும் நடக்கல," என்றாள் செலோ. "டெல்மர் விழல. அதுதான் ஆச்சரியம்."

இறங்கியதும் நாலு பேரும் வழக்கமான கடையில் உட்கார்ந்து, பச்சை மிளகாய் போட்ட பரிட்டோ சாப்பிட்டார்கள். டெல்மர் தன்னுடையதில் முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியே நிழலில் சாய்த்திருந்த சைக்கிளிலிருந்து, யாரோ நாலு பேர் ஒரே சமயத்தில் ஸ்டார்ட் ஆகாத நாலு கார்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் எட்டு வருடத்தில் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பலகையை அடுத்த சனிக்கிழமை நட்டார்கள். எந்தப் பக்கம் முன்னால் தெரிய வேண்டும் என்று சொன்னது டெல்மர்தான். இன்றும் அதே இடத்தில், அதே நாலு ஆணியில் இருக்கிறது. அதில் 'டெல்மரின் ஆசனம்' என்று எழுதியிருக்கிறது.