தெற்கு பார்த்து நின்ற வண்டி

அன்று திண்டிவனத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். விழுப்புரத்திலிருந்து போனவர்கள் அரங்கநாதனாகிய நான், என் மனைவி கிருஷ்ணவேணி, மருமகள் சூர்யகலா. அந்தப் பக்கம் சீனுவாசன், அவர் மனைவி கெங்கம்மாள், என் மகள் இசைவாணிக்குப் பேசியிருந்த அவர்கள் பையன் தென்னரசு. வேறு யாரும் இல்லை.

போனது என் மாருதி எண்ணூறில். இருபத்திரண்டு வருடத்து வண்டி. இன்றும் லிட்டருக்குப் பதினேழு கொடுக்கிறது. ஆயில் மாற்றுவதுகூட நான்தான். எந்த மெக்கானிக்கையும் அதில் கை வைக்க விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் எட்டு மாதமாக, சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வேலை செய்யவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கே போனாலும் சரிவு பார்த்து நிறுத்துவேன். கிளம்பும்போது உருளவிட்டு கியர் போட்டால் எஞ்சின் எடுத்துவிடும்.

சீனுவாசன் வீட்டுத் தெரு தெற்கே சரிகிறது. அப்படியே நிறுத்தினேன். கெங்கம்மாள் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, நல்ல காரியத்துக்கு வந்த வண்டி தெக்க பாத்துக்கினு நிக்கலாமா? திருப்பி வுட்டுட்டு வாங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சுற்றிவந்து, வடக்கு பார்த்து, மேட்டைப் பார்க்க நிறுத்தினேன்.

சாப்பிட்டு எழுந்து, நாள் குறித்துக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ கொட்டிய ஜல்லி; வண்டி பின்னுக்கும் உருளாது.

"இன்னாண்ணே, எங்க வூட்டுச் சாப்பாட்டுல வண்டிக்கும் தூக்கம் வந்துடுச்சா?" என்றார் கெங்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. மருமகள் பக்கம் திரும்பினேன்.

"பழத்தட்டு எடுக்க வண்டிக்குப் போனியே, உள்ள லைட்ட அணைச்சியா? பேட்டரி எறங்கிப்போச்சு பாரு!"

பட்டப்பகலில் அவள் எதற்கு விளக்கைப் போடப் போகிறாள்? ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் மாமா."

சீனுவாசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் வண்டியைத் தள்ளினார். கூடவே தென்னரசும் தள்ளினான். குறுக்கே ஓர் ஆடு வந்தது. பழக்கதோஷத்தில் ஆரனை அடித்துவிட்டேன். பேட்டரி இறங்கிய வண்டியின் ஆரன் தெருமுனை வரை கேட்டது. கண்ணாடியில் தென்னரசின் முகம் தெரிந்தது. அவன் தள்ளுவதை நிறுத்தி நிமிர்ந்தான். தலையைக் குனிந்து மறுபடி தள்ளினான்.

எஞ்சின் எடுத்ததும் எங்கும் நிறுத்தாமல் விழுப்புரம் வந்து சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்து கெங்கம்மாள் போன் செய்தார். "நிச்சயத்தன்னிக்கு மொதத் தட்ட உங்க மருமவ எடுக்க வேணாம்ணே. எங்க ஜனம் ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்குது."

"சரிம்மா" என்றேன். அன்றும் உண்மையைச் சொல்லவில்லை. நிச்சயத்தின்போது சூர்யகலா கடைசி வரிசையில் நின்றாள்.

நாத்தனார் கல்யாணத்தைக் கெடுக்க அவள் வேண்டுமென்றே விளக்கை எரியவிட்டாள் என்று இரண்டு பக்கச் சொந்தத்திலும் பேசுகிறார்கள். அவள் விளக்கைத் தொடவே இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது. மோட்டார் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். பொய் சொன்னவன் நான்.