தண்ணீர் நின்ற கோடு

அக்டோபர் பதினேழாம் தேதி காலை, ஆற்றங்கரைத் தெருவின் கடைசியில் இருந்த நாடக அரங்குக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது.

வடிந்தபோது சுவரைச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுவிட்டுப் போயிருந்தது. மேடைப் பலகைகள் வில்லாக வளைந்து ஆணியைக் கக்கின. உடைப் பெட்டிகளைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். அந்தப் பெட்டிகள் ஊசியின் பொறுப்பு. நாடகக் குழுவுக்கு உடை தைப்பவள்; தொழிலுக்கும் வாய்க்கும் சேர்த்து எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். குழுவை நடத்துவது அவளுடைய அண்ணன்.

கட்டடத்துச் சொந்தக்காரர் ஒளிவுமறைவு இல்லாதவர். மாதக் கடைசிக்குள் மேடையைச் சரிசெய்தால் அரங்கு உங்களுக்கு, இல்லையென்றால் சிமெண்ட் கிடங்கு வைக்க ஆள் காத்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மேடையைச் சரிசெய்யக் குழுவின் கையில் ஒன்றும் இல்லை. ஊசி நிவாரண அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

"வீடாம்மா, கடையா?" என்றார் குமாஸ்தா.

"ரெண்டும் இல்லைங்க. நாடகக் கொட்டகை."

"பாரத்துல அதுக்குக் கட்டமே இல்லையே. ஆடு மாடு ஏதாச்சும் செத்துச்சா?"

"மாடு ஒண்ணு இருந்துச்சுங்க. அட்டையில செஞ்சது. ஊறிப் போயே செத்துப் போச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வெள்ளத்தில் அடிபட்ட கலைஞர்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் தனியாக ஒரு நிதி இருக்கிறது என்று சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் பேசிய குரல் கனிவாக இருந்தது. வியாழக்கிழமை ஒரு அதிகாரி வருவார், சேதத்தைப் பார்ப்பார், அவர் எழுதிவிட்டால் தச்சுவேலையை நிதியே ஏற்றுக்கொள்ளும்.

ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. அரங்குக்கு ஓடிவந்து, "வியாழக்கிழமை பார்க்க வர்றாங்கண்ணே!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். மாமியார் வீட்டிலும் சேறு புகுந்திருந்தது. அதை அள்ளப் போய்விட்டாள்.

வியாழன் காலை திரும்பி வந்து கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறியது பெயிண்ட் வாசனை.

சுவர் பளிச்சென்று இருந்தது. பழுப்புக் கோட்டைக் காணோம். வளைந்த பலகைகளைச் சீவித் தட்டி, மேலே கறுப்புத் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்திருந்தார்கள். நாறிய உடைகளை எங்கோ ஒளித்துவிட்டு, பரணில் இருந்ததால் தப்பித்த உடைகளை மட்டும் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது?"

"பார்க்க வர்றாங்கன்னு நீதானே சொன்னே? வர்றவங்களைக் குப்பைமேட்டுல நிறுத்தச் சொல்றியா? ஒருத்தரும் கண்ணு மூடலைடி."

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. அந்தக் கதவு வழியாகப் பார்க்க வருகிறவர்களை இவர்கள் ரசிகர்களாக மட்டுமே அறிந்தவர்கள். திரை தூக்குவதற்குமுன் கிழிந்ததைத் தைத்துவிட வேண்டும், விரிசலைப் பூசிவிட வேண்டும், காய்ச்சல் அடித்தாலும் முகத்தில் காட்டக்கூடாது. அவளே இங்கே இருந்திருந்தால், திரைச்சீலையின் கிழிசலை ஒட்டுப்போட்டுத்தான் வைத்திருப்பாள்.

"ஐயோ அண்ணே, அவங்க சேதத்தைப் பார்க்கத்தானே வர்றாங்க! அந்தத் துணியையாவது பிடுங்குங்க!"

அண்ணனின் முகம் மெல்ல மாறியது. அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

அதிகாரி சின்னப் பெண். சேறு அப்பிய காலணி, தூக்கமில்லாத கண். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தவள், "நல்லா வச்சிருக்கீங்களே" என்றாள். காலையிலிருந்து அவள் பார்த்த முதல் சுத்தமான இடம் அதுவாக இருக்கலாம்.

ஊசி துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணி விட்டுக்கொடுக்கவில்லை. கத்தரியால் கிழித்தாள். "பாருங்கம்மா, பலகை எப்படி இருக்குன்னு."

"சீவியிருக்கே. பழைய பலகையா?"

"நேத்துதான் சீவினாங்க. அதுக்கு முன்னால வளைஞ்சு கிடந்துச்சு."

"வெள்ளத்தப்போ படம் ஏதாவது எடுத்தீங்களாக்கா?"

எடுத்திருந்தார்கள். மந்திரி என்ற நடிகர் கைப்பேசியை நீட்டினார். ஆயுசுக்கும் ராஜா வேஷம் கிடைக்காததால் வந்த பெயர். படத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று, கிரீடத்தைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒரு புருவத்தை ஏற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் இன்னும் அழகாகச் சிரித்தார். இருந்ததே அந்த இரண்டு படம்தான்.

"இது நாடகத்துல எடுத்ததா?"

"நிஜத் தண்ணிங்க!" என்றார் மந்திரி, மனம் புண்பட்டு. "கேமராவைப் பார்த்ததும் முகம் தானா அப்படிப் போயிடுது. நான் என்ன பண்ண?"

அதிகாரியின் பார்வை மேடையின் பின்னால் சாய்த்துவைத்திருந்த ஒரு பெரிய தட்டியில் நின்றது. இடுப்பளவுக்குப் பழுப்புக் கறை, கீழே சேறு வழிந்த தடம், பூஞ்சைப் புள்ளி. அவள் முகம் தெளிந்தது. "இதோ இருக்கே! இதைச் சொல்லலாமே நீங்க. தண்ணி இவ்வளவு உயரம் வந்துச்சா?"

கேமராவை எடுத்தாள். ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பேசாமல் இருந்துவிடுவோமா என்று ஒரு கணம் தோன்றியது. வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் படுதா வரைகிறவருக்கு, சுவருக்கு வெள்ளையடித்துத் தொழிலை ஆரம்பித்ததால் சுண்ணாம்பு என்று பெயர் வாங்கியவருக்கு, அடக்க முடியவில்லை.

"அது நான் வரைஞ்சது மேடம்!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "போன வருஷ நாடகத்துல வெள்ளம் வந்த வீடு ஒண்ணு. பரண்ல கிடந்துச்சு. எல்லாரும் உங்களை மாதிரிதான் ஏமாந்தாங்க."

கேமரா கீழே இறங்கியது.

ஊசி சுவரருகே போய்க் கத்தரி முனையால் புதுப் பூச்சைச் சுரண்டினாள். அடியில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. "இதுதாம்மா கோடு. இங்கதான் நின்னுச்சு."

அதிகாரி கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தாள். "நான் நம்புறேன்க்கா. சத்தியமா நம்புறேன். ஆனா எது வெள்ளம் போட்டது, எது இவர் போட்டதுன்னு நான் எப்படி எழுதறது?"

"வேணும்னா அந்தக் கோட்டை அப்படியே திரும்பப் போட்டுத் தந்துடறேன் மேடம்," என்றார் சுண்ணாம்பு, உதவும் ஆசையில். "ஒரு நூல் பிசகாது."

"யோவ், வாயை மூடுய்யா!" என்றான் அண்ணன்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒளித்துவைத்திருந்த உடைகளை ஊசி வாரிக்கொண்டு வந்து காட்டினாள். உடைக்கு இந்த நிதியில் இடமில்லை, கட்டட வேலைக்கு மட்டும்தான் என்றாள் அதிகாரி. உடைகளை நிழலில் உலர்த்தச் சொன்னாள். வெயில் பட்டால் சாயம் போய்விடுமாம். அது ஊசிக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசல்வரை அண்ணன் கூடவே போனான். "இன்னொரு தடவை வந்து பாருங்கம்மா. ஒண்ணையும் தொடாம வச்சிருப்போம்."

"இன்னும் நிறைய இடம் பார்க்கணும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் தெருச்சேற்றில் கால் பார்த்து நடந்து போனாள்.

சேதம் உறுதி செய்யப்படவில்லை என்று அடுத்த வாரம் பதில் வந்தது. மாதம் முடிந்ததும் அரங்கில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கினார்கள். சுவர் புதிதாகப் பூசியிருந்ததால் கிடங்குக்காரர் வெள்ளையடிக்கவில்லை.